நெருப்பு இல்லை என்று ஏகமனதாக

எங்கள் லினாவ் ஊரில் ஏறக்குறைய எல்லாருடைய குடும்பப் பெயரும் 'ஒ'வில்தான் தொடங்கும். மீன்கடைக்காரர் ஒர்தேகா. பல் பிடுங்குகிறவர் ஒகாம்போ. நகரசபைக் கூட்டங்களில் இருபத்திரண்டு வருடமாகக் குறிப்பு எழுதிவரும் நான் ரோசெந்தா ஒசோரியோ. மேயர் லியாந்த்ரோ ஒல்மெதோ. துணை மேயர் அவருடைய தங்கை, அவரும் ஒல்மெதோ. சுற்றுலா அலுவலர் மேயரின் மருமகள். கல்யாணத்துக்குப் பிறகு ஒல்மெதோ. ஆற்றுக்கு அக்கரை ஊரில் எல்லாரும் 'ப'. ஏன் இப்படி என்று நாங்கள் கேட்டதில்லை. எங்கள் ஊரில் எதைக் கேட்டாலும் மூன்று பிரதிகளில் எழுதித் தரச் சொல்வார்கள். அதனால் கேட்கும் பழக்கமே எங்களுக்கு விட்டுப்போயிற்று.

ஊர் உருவான கதை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஆயிரத்து அறுநூற்று இருபத்துநான்கில் தோன் ஹெர்னான் ஒல்மெதோ என்ற ஸ்பானியர் ஒரு கப்பலோடும் ஒரு தேவாலய மணியோடும் வந்தார். ஆற்று வளைவில் கபாதோ என்ற குடியிருப்பின் தலைவர் அவரைக் கண்டதும் கண்கலங்கி, ஆற்றங்கரை முழுவதையும் அவருக்குத் தானமாகக் கொடுத்தார். மக்கள் மணியோசையில் மயங்கி, தாங்களாகவே கடற்கரைக்கு இறங்கி வந்து குடியேறினார்கள். நகரமன்றச் சுவரில் இந்தக் காட்சி பெரிய ஓவியமாக இருக்கிறது. தோன் ஹெர்னானுக்கு இன்றைய மேயரின் அப்பா முகம். ஓவியம் வரையப்பட்டபோது அவர்தான் மேயர்.

கபாதோ இன்னும் இருக்கிறது. அறுபத்தொரு குடும்பங்கள், சோளக்கொல்லைகள், ஆற்று இறால். ஊரின் நானூறாவது ஆண்டு விழாவை ஒட்டி அங்கே 'முதல் குடியேற்றப் பாரம்பரியப் பூங்கா' அமைப்பதென்று சபை முடிவு செய்தது. பூங்காவுக்குள் எண்பது அறை ஹோட்டல் ஒன்றும் உண்டு. மீதியுள்ள இடத்தில் பாரம்பரியம். அறுபத்தொரு குடும்பங்களும் பழைய குப்பைமேட்டுக்குப் பின்னால் மாற்றப்படும்.

இதற்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டது. ஏன் என்பதைக் கவுன்சிலரும் வக்கீலுமான மாண்புமிகு ஒலார்த்தே சபையில் விளக்கினார். நான் அப்படியே எழுதிக்கொண்டேன்: "அந்த நிலத்தை அவங்க அன்னிக்கே கொடுத்துட்டாங்கன்னு ஒரு புத்தகத்துல இருந்தா, நாம யாருகிட்டேயிருந்தும் எதையும் பிடுங்கல. நம்ம பொருளை நாம எடுத்துக்கறோம். சட்டத்துக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது."

புத்தகம் எழுதப் பொலிகார்போ ஒபோர்த்தோவைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் கார்ப்போ என்றால்தான் தெரியும்; அண்ணனை மனோங் என்றும் அக்காவை மனாங் என்றும் அழைக்கிற ஊர், ஆகவே மனோங் கார்ப்போ. நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் சங்கிலி பிடித்தவர். பழைய பத்திரங்களைப் படிக்க வேண்டி வந்ததால் பழைய ஸ்பானிய மொழியையும், அந்தக் காலத்துக் கோணல் கையெழுத்தையும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு தேவாலயப் பதிவேடுகளோடுதான் அவருடைய பகல் பொழுது. யாராவது ஏதாவது செய்யச் சொன்னால், அதைச் செய்யத்தான் சொல்கிறார்கள் என்று நம்பிவிடுகிறவர். இது ஒன்றுதான் அவரிடம் இருந்த குறை.

நியமன விழா காலை எட்டு மணிக்கு என்றார்கள். மேயர் பதினொன்றுக்கு வந்தார். பேனரில் மேயரின் முகம் கதவளவு இருந்தது. தங்கை முகம் ஜன்னலளவு. எட்டுக் கவுன்சிலர்களும் வரிசையாக. கீழ் மூலையில் தபால்தலை அளவில் கார்ப்போ. பெயர் 'பொலிகார்பா' என்று பெண் பெயராக அச்சாகியிருந்தது. ஜெபம், தேசிய கீதம், ஊர்ப்பாட்டு, வரவேற்பு நடனம், வரவேற்புரை, வரவேற்புரையாளரை அறிமுகப்படுத்தும் உரை எல்லாம் நடந்தன. கார்ப்போ என் பக்கம் குனிந்தார்.

"செந்தா, இதுல நான் எப்போ வர்றேன்?"

"வந்துட்டீங்க மனோங். இப்போ ஒரு சான்றிதழைக் கையில குடுத்துப் படம் எடுத்தாங்கள்ல, அதான்."

மேயர் பேசினார். "வரலாறுன்னா என்ன? நம்ம குடும்பத்தோட கதைதான். எங்க குடும்பத்தைச் சொல்றேன். 'நம்ம'ன்னு சொன்னா அடக்கமா இருக்கும்னு சொன்னேன். மனோங் கார்ப்போ, பயப்படாம உண்மையைத் தோண்டுங்க. என்ன கிடைக்கும்னு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கார்ப்போவும் தட்டினார்.

பத்து மாதம் தோண்டினார். மாதம் இரண்டு முறை படகேறி செபு நகரத்துக்குப் போய், ஒரு குருமடத்து நூலகத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் மதியம் நான் சோறும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். கையில் நகலெடுத்த தாள்கள். முகம் வெளிறியிருந்தது.

"செந்தா, மத்தியாஸ்னு ஒரு பாதிரியார். தோன் ஹெர்னான் கூடவே வந்தவர். தன் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதியிருக்கார். படிக்கட்டுமா?"

படித்தார். மழைக்காலம் முடியுமுன்பே ஒல்மெதோ கபாதோ வீடுகளுக்குத் தீ வைத்தான். விதைச் சோளத்தையும் சேர்த்து எரித்தான். பிடிபட்ட நாற்பத்துமூன்று பேரை ஒரே கயிற்றில் கட்டி, மணியோசை எட்டும் தூரத்தில் குடிவைப்பதற்காகக் கடற்கரைக்கு இழுத்து வந்தான். வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமானது. கயிறு நிற்கவில்லை. நான் கெஞ்சினேன், கயிறு நிற்கவில்லை என்று பாதிரியார் இரண்டு முறை எழுதியிருந்தார்.

நான் மெல்லுவதை நிறுத்திவிட்டேன்.

"வந்த பதினோராவது மாசம் ஒல்மெதோ காய்ச்சல்ல செத்துட்டான். பிள்ளைகுட்டி கிடையாது. எல்லாரும் திரும்ப கபாதோவுக்கே போயிட்டாங்க" என்றார் கார்ப்போ.

"பிள்ளைகுட்டி இல்லையா? அப்போ மேயர்?"

அடுத்த தாளை எடுத்தார். அது தேவாலயப் பதிவேட்டின் நகல். "ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தொன்பதுல ஸ்பானிய அரசாங்கம் எல்லாருக்கும் குடும்பப் பெயர் வைக்கணும்னு பெரிய பட்டியல் அனுப்பிச்சுதுல்ல? ஊருக்கு ஒரு பக்கம் கிழிச்சுக் குடுத்திருக்காங்க. நமக்கு வந்தது 'ஒ' பக்கம். இதோ பார். 'கபாதோவைச் சேர்ந்த புக்தோங்கின் மகன் சிமோன், இனி ஒல்மெதோ.' மேயரோட தாத்தாவுக்குத் தாத்தா இவர். பட்டியல்ல விரல் வெச்ச இடத்துல அந்தப் பேர் இருந்திருக்கு. அவ்வளவுதான்."

"மனோங், இதைச் சபையில படிக்கப் போறீங்களா?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "கண்டுபிடிக்கச் சொன்னாங்கள்ல?"

சபை அவருடைய அறிக்கையை 'உண்மைச் சரிபார்ப்புத் துணைக்குழு'வுக்கு அனுப்பியது. அப்படி ஒரு குழு அதுவரை இல்லை. அன்று மதியமே அமைக்கப்பட்டது. தலைவர் ஒலார்த்தே. கார்ப்போ முதல் தாளைப் படித்து முடிப்பதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"இந்தக் கடிதத்தை எழுதினவர் வந்திருக்காரா?"

"பாதிரியார் மத்தியாஸா, வக்கீல்? அவர் இறந்து முந்நூத்தித் தொண்ணூறு வருஷமாச்சு."

"இறப்புச் சான்றிதழ்?"

கார்ப்போ தன் பையைத் திறந்து பார்த்தார். அதில் இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. "இல்லீங்க."

"அப்போ இறந்தார்ங்கறதே சந்தேகம். உயிரோட இருந்தா வட்டாரத் தலைவர்கிட்ட நன்னடத்தைச் சான்று வாங்கணும். ரெண்டு புகைப்படம், வெள்ளைப் பின்னணி. நோட்டரி முன்னால சத்தியப் பிரமாணம். இது எதுவும் இல்லாம ஒரு வெளிநாட்டுக்காரர் நம்ம ஊரைப் பத்தி அவதூறு எழுதியிருக்கார். நாம அதை நம்பணுமா?"

"தோன் ஹெர்னானும் வெளிநாட்டுக்காரர்தானே, வக்கீல்?"

"அவர் நிறுவனர். அது வேற."

மற்றத் தாள்களைப் படிக்க நேரமில்லை. பதிவேட்டின் நகலை யாரும் பார்க்கவில்லை. கார்ப்போ மூன்று வாரம் அலைந்தார். வட்டாரத் தலைவரிடம் போய்ப் பாதிரியார் மத்தியாஸுக்கு நன்னடத்தைச் சான்று கேட்டார். வட்டாரத் தலைவர் நல்ல மனிதர். தன் ஆட்சிக் காலத்தில் அப்படி ஒருவர் மீது புகார் எதுவும் வரவில்லை என்று எழுதியே கொடுத்தார். துணைக்குழு அதை ஏற்கவில்லை. புகைப்படம் இல்லை.

பிறகு விஷயம் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு வந்தது. நாற்பத்தேழாவது தீர்மானத்தை என் கையால்தான் எழுதினேன். 'ஆயிரத்து அறுநூற்று இருபத்துநான்கில் கபாதோவில் காணப்பட்ட வெளிச்சம், விருந்தினரை வரவேற்க அப்பகுதி மக்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றிய சொக்கப்பனை என்றும், கயிறு எனத் தவறாக மொழிபெயர்க்கப்பட்டது மலர்மாலை என்றும் இச்சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' எட்டுக்கு எட்டு. கார்ப்போ பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து, அந்தப் பிரசவம் என்ன ஆயிற்று என்று கேட்டார். துணை மேயர் மென்மையாகப் பதில் சொன்னார்.

"மனோங், குழந்தை பிறக்கறது நல்ல சகுனம்தானே? அதை ஏன் சோகமா எடுத்துக்கறீங்க?"

அதையும் எழுதினேன். எழுதிவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவினேன்.

ஆண்டு விழாவில் 'முதல் குடியேற்றம்' நாடகமாக நடிக்கப்படும் என்று அறிவித்தார்கள். தோன் ஹெர்னானாக மேயர். கபாதோ மக்களாக, உண்மைத் தன்மைக்காக, கபாதோ மக்கள். தலைவராக ஹொசெஃபா ஒலிவா. செபா என்பார்கள், கபாதோவில் அவள் பேச்சுக்கு எல்லாரும் கட்டுப்படுவார்கள். நாடக முடிவில் அவள் ஒரு மண்சட்டி நிறைய ஆற்றங்கரை மண்ணை மேயரிடம் கொடுக்க வேண்டும். மாகாண ஆளுநரும் ஹோட்டல் கம்பெனியாரும் முன்வரிசையில் இருப்பார்கள்.

ஒலார்த்தே என்னிடம் ஒரு வருகைப் பதிவுத் தாள் தட்டச்சு செய்யச் சொன்னார். மேலே பெரிய எழுத்தில் 'வருகைப் பதிவும் மதிய உணவும்'. கீழே, பெயர் எழுதும் கோடுகளுக்கு மேல், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி: கீழே கையெழுத்திட்டவர்கள் கபாதோவை விட்டு இரண்டு மாதத்துக்குள் வெளியேறச் சம்மதிக்கிறோம்.

"எழுத்து இன்னும் கொஞ்சம் சின்னதா வருமா, செந்தா?"

வந்தது. நான் தட்டச்சு செய்தேன். எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இருபது கோடு. யாரிடமும் சொல்லவில்லை. என்னால் கார்ப்போ மாதிரி நடக்க முடியாது, எனக்குக் குடும்பம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கார்ப்போவுக்கும் குடும்பம் இருந்தது.

விழா நாள் காலையில் கபாதோ மக்கள் லாரியில் வந்து இறங்கினார்கள். சுற்றுலா அலுவலர் வாடகைக்கு எடுத்த புல்பாவாடைகளை வாங்கி ஜீன்ஸுக்கு மேல் கட்டிக்கொண்டார்கள். எங்கள் தீவில் என்றைக்கும் யாரும் புல்பாவாடை கட்டியதில்லை. பொட்டலச் சோறு அடுக்கிய மேஜையில் நான் தாள்களோடு உட்கார்ந்திருந்தேன். முதலில் செபா வந்தாள். அவளுக்குப் பின்னால் கார்ப்போ நின்றார். ஒரு வாரமாகத் தினமும் கபாதோவுக்குப் போய்ப் பாதிரியார் கடிதத்தை வீடு வீடாகப் படித்துக் காட்டியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

செபா பேனாவை எடுக்கவில்லை. "மனாங் செந்தா, என் கண்ணாடியை வீட்லயே விட்டுட்டேன். இதுல சின்னதா என்னமோ இருக்கே. படிச்சுச் சொல்லுங்க."

"வருகைப் பதிவு" என்றேன்.

"அது பெருசா இருக்கறது. அது கண்ணாடி இல்லாமலே தெரியுது. சின்னதை."

பின்னால் நூறு பேருக்கு மேல் வரிசை. ஒலார்த்தே இருபதடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். செபா காத்திருந்தாள். அவள் என்னை மிரட்டவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். நான் படித்தேன். முதலில் மெதுவாக. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். எழுந்து நின்று, சத்தமாக, மறுபடியும் படித்தேன்.

ஒலார்த்தே ஓடி வந்தார். "என்ன செந்தா, என்ன பண்றீங்க?"

"படிக்கச் சொன்னாங்க வக்கீல்."

"சோறு வேணாம்" என்றாள் செபா. "கையெழுத்தும் கிடையாது. ஆனா நடிக்கறோம். வான்னு கூப்பிட்டீங்க, வந்துட்டோம்."

ஆளுநர் வந்துவிட்டார், நிறுத்த முடியாது. நாடகம் தொடங்கியது. மேயர் வெல்வெட் சட்டையும் தகர வாளுமாக ஒரு மீன்பிடிப் படகிலிருந்து இறங்கினார். பள்ளிப் பிள்ளைகள் மணியடித்தார்கள். கபாதோ மக்கள் மயங்க வேண்டிய இடத்தில் மயங்கவில்லை; கைகட்டி நின்றார்கள். ஊர்வலப் பாதை நெடுக நட்டிருந்த பதினாறு ஒலிபெருக்கிகளிலும் மேயரின் மூச்சுக் கேட்டது. சட்டைக் காலரில் மைக் குத்தியிருந்தார்கள்.

"ஓ, நற்பண்புள்ள தலைவியே! உன் பரிசை ஏற்க வந்தேன்!"

செபா மண்சட்டியை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டாள். "தரமாட்டேன்."

முன்வரிசை கை தட்டியது. நாடகத்தில் இப்படி ஒரு திருப்பம் இருப்பது ஆளுநருக்குப் பிடித்திருந்தது. மேயர் சிரித்தபடி கிட்டே போனார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது பதினாறு இடத்தில் கேட்டது. "குடுத்துத் தொலை, பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். தரமாட்டேன்."

மேயர் சட்டியைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. புல்பாவாடை கிழிந்தது, தகர வாள் வளைந்தது, சட்டி இருவர் கையிலிருந்தும் நழுவி விழுந்து உடைந்தது. மண் அவருடைய வெள்ளைக் காலுறையெல்லாம் அப்பியது.

"என்னடி நெனச்சிட்டிருக்கே? உன் அப்பன் வீட்டு மண்ணா இது? எங்க தாத்தா உங்களை ஒரு தடவை கொளுத்தினார். கயித்துல கட்டித் தெருத்தெருவா இழுத்தார். நான் இன்னும் கொளுத்தல. அந்த நன்றியாவது இருக்கணும் உங்களுக்கு!"

ஒலிபெருக்கிகள் அதைத் தேவாலயத்துக்கும் சந்தைக்கும் படகுத்துறைக்கும் கொண்டுபோயின. வாத்தியக் குழு வாசிப்பதை நிறுத்தியது. யாரும் கை தட்டவில்லை. கூட்டத்திலிருந்து கார்ப்போ எழுந்து மேடையருகே வந்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது. கணக்கில் தவறு கண்ட அளவையாளர் போலத்தான் பேசினார்.

"மேயர், ஒரு திருத்தம். அவர் உங்க தாத்தா இல்ல. அவருக்கு வாரிசே கிடையாது. பதிவேடு என்கிட்ட இருக்கு. உங்க தாத்தாமார் அந்தக் கயித்துல கட்டியிருந்தவங்க."

காலர் மைக் அதையும் பிடித்துக்கொண்டது. மேயர் செபாவைப் பார்த்தார். அவள் காலடியில் கிடந்த சட்டி ஓடுகளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. அது வெட்கமாக இருந்திருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி முடித்திருப்பேன். "ஆளைத் தூக்குங்கடா" என்றார். இரண்டு போலீஸ்காரர்கள் கார்ப்போவை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆளுநர் பன்றி வறுவலைத் தொடாமலே காரில் ஏறினார். ஹோட்டல் கம்பெனியார் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்கள்.

கார்ப்போவை மறுநாள் மாலை விட்டார்கள். 'வரலாற்று நிகழ்ச்சிக்கு இடையூறு' என்று வழக்கு. உதடு கிழிந்திருந்தது. வழுக்கி விழுந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதியிருந்தார்கள். அவரே அதைப் படித்துவிட்டு, தான் வழுக்கவில்லையே என்று ஆய்வாளரிடம் விளக்கப் போய், இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைக்கப்பட்டார்.

அடுத்த திங்கட்கிழமை சபை கூடியது. ஜெபம், தேசிய கீதம், ஊர்ப்பாட்டு. பிறகு ஒலார்த்தே எழுந்தார். ஹோட்டல்காரர்கள் போனை எடுப்பதில்லை என்றார். கபாதோ மக்கள் மாகாண நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்றும், விழா நிகழ்ச்சிகளின் அதிகாரபூர்வக் குறிப்பின் நகலை அவர்களுடைய வக்கீல் கேட்டிருக்கிறார் என்றும் சொன்னார். விழா, சபையின் சிறப்புக் கூட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. கவுன்சிலர்களுக்குப் படி வழங்க அப்படித்தான் வசதி. ஆகவே குறிப்பெழுத நானும் போயிருந்தேன்.

"ஒலிபெருக்கி பழுதாகி, சம்பந்தமில்லாத வானொலி நாடகம் ஒன்று ஒலித்ததுன்னு தீர்மானம் போடலாம்" என்றார் ஒலார்த்தே. எட்டுக்கு எட்டு.

மேயர் என் பக்கம் திரும்பினார். "செந்தா, குறிப்புல என்ன எழுதியிருக்கே?"

எழுந்து படித்தேன். நாடகம் தொடங்கிய நேரம். வந்தவர்கள். பிறகு அவர் சொன்னது, ஒரு சொல் விடாமல், 'என்னடி' உட்பட. பிறகு கார்ப்போ சொன்னது. என் குரல் நடுங்கியது. பயத்தில்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். எட்டுப் பக்கம் கோடு போட்ட என் கைமீது எனக்கு இருந்த கோபம் அது.

"அதை அடிச்சிடு."

"நான் கேட்டதை எழுதினேன் மேயர். நான் அடிக்க மாட்டேன்."

"இருபத்திரண்டு வருஷ வேலை, செந்தா. யோசிச்சுக்கோ."

"யோசிச்சேன். என் ராஜினாமாக் கடிதம் ரெண்டாவது பக்கத்துக்குக் கீழ இருக்கு." குறிப்பேட்டை அவர் மேஜையில் விரித்து வைத்தேன். "நீங்களே அடிக்கலாம். விதி அனுமதிக்குது. அடிச்ச வரிக்குப் பக்கத்துல, அடிச்சவர் பேரை முழுசா எழுதிக் கையெழுத்துப் போடணும். கோட்டுக்குக் கீழே என்ன இருந்ததுன்னு படிக்கிற மாதிரி ஒத்தைக் கோடாத்தான் அடிக்கணும்."

மேயர் ஒலார்த்தேவைப் பார்த்தார். ஒலார்த்தே விதிப்புத்தகத்தைப் புரட்டினார், மறுபடி புரட்டினார், பிறகு மேசைவிரிப்பின் சுருக்கத்தை நீவ ஆரம்பித்தார்.

மேயர் பேனாவைத் திறந்தார். வரிமேல் முனையை வைத்தார். பெயர் எழுத வேண்டிய ஓரத்தைப் பார்த்தார். மை ஒரு சொட்டு ஊறி 'கொளுத்தினார்' என்ற சொல்லின் கடைசி எழுத்தில் பரவியது. அவர் பேனாவை எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கபாதோ போகும் ஜீப்பில் ஏறினேன்.